காசிமேட்டில் களவா வாங்கப் போகிறவர்களுக்கு: மீனின் உடலைப் பார்த்து அதன் வாழ்வை அறிவது எப்படி

களவா வாங்கப் போகிறவர் கூடையோடு சேர்த்து ஒரு தையல் அளவு நாடாவையும் எடுத்துச் செல்வது நல்லது. வஞ்சிரத்தையோ சங்கராவையோ கண்ணையும் செவுளையும் பார்த்துவிட்டுத் தராசில் போடச் சொல்லலாம். களவாவுக்கு அது போதாது. அந்த மீன் இன்னும் இனப்பெருக்கத்துக்கு வராத குஞ்சா, சினை பிடிக்கும் பெண்ணா, பெண்ணாக இருந்து ஆணாக மாறிவிட்ட முதிர்ந்த மீனா என்பதை அதன் நீளமே ஓரளவுக்குச் சொல்லிவிடுகிறது. எங்கே வாழ்ந்தது, எப்படி வேட்டையாடியது, எவ்வளவு ஆழத்திலிருந்து மேலே வந்தது என்பவற்றையும் மீனின் உடலிலேயே படிக்க முடியும். அதற்கான வழிகளையே இங்கே எழுதுகிறேன். பெரும்பாலும் கடற்பகுதியிலும் கழிமுகங்களிலும் கிடைக்கும் ஆரஞ்சுப் புள்ளிக் களவாவை, அதாவது அறிவியலில் எபினெஃபெலஸ் கோயியோய்டஸ் எனப்படும் இனத்தை, எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் ஹமூர் என்று ஆசையோடு கேட்பது பெரும்பாலும் இதைத்தான்.

முதலில், கையில் இருப்பது களவாதானா என்று பார்க்க வேண்டும். செவுள் மூடியின் பின்விளிம்பை விரலால் மெல்லத் தடவினால் தட்டையான மூன்று முட்கள் தட்டுப்படும். நடுவில் இருப்பது மற்ற இரண்டையும் விடத் தெளிவாகத் தெரியும். வாய் அகலமாக இருக்கும், கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி முன்னே நீண்டிருக்கும். முதுகுத் துடுப்பின் முள்பகுதியும் மென்கதிர்ப் பகுதியும் இடையில் அறுபடாமல் ஒரே துடுப்பாகத் தொடரும். கொடுவா மீனில் இந்த இரண்டு பகுதிகளுக்கும் நடுவே ஆழமான வெட்டு இருக்கும், தலையின் மேல்கோடும் கண்ணுக்கு மேலே உள்வாங்கியிருக்கும். இந்த இரண்டையும் பார்த்தால் கொடுவாவைக் களவா என்று சொல்லி யாரும் உங்களிடம் விற்றுவிட முடியாது. சங்கராவுக்கும் செப்பிலிக்கும் வால் துடுப்பின் நடுப்பகுதி சற்று உள்வாங்கியிருக்கும்; நாம் பேசும் களவாவுக்கு வால் விசிறி போல வட்டமாக விரியும். தோலுரித்துத் துண்டாக்கிய மீனில் இந்த அடையாளம் எதுவும் மிஞ்சாது. ஆகவே களவா என்ற பெயருக்காக விலை கொடுப்பவர் முழு மீனாகவோ, குறைந்தபட்சம் தோலும் தலையும் இருக்கும்போதோ பார்த்து வாங்குவதே சரி.

களவா என்ற பெயரின் கீழே பல இனங்கள் வருகின்றன. அவற்றைப் பிரிக்க முதுகுத் துடுப்பின் முட்களை எண்ணுவது நம்பகமான வழி. எபினெஃபெலஸ் பேரினத்தில் பெரும்பாலும் பதினொன்று இருக்கும். தக்காளிச் சிவப்பில் வரும் செஃபலோஃபோலிஸ் பேரினத்து மீன்களில் ஒன்பதே இருக்கும். எண்ணும்போது துடுப்பை முன்னிருந்து பின்னாகத் தூக்கிப் பிடியுங்கள். முட்கள் கூரியவை, கையில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொள்வது உத்தமம்.

அடுத்தது நிறம். இதில் மட்டும் அவசரப்படக் கூடாது. ஆரஞ்சுப் புள்ளிக் களவாவின் தலையிலும் உடலிலும் துடுப்புகளிலும் செம்மஞ்சள் அல்லது செம்பழுப்புப் புள்ளிகள் பரவியிருக்கும். அவற்றின் அடியில் சாய்வான ஐந்து மங்கலான பட்டைகள் தெரியலாம், தெரியாமலும் போகலாம். ஏனென்றால் உயிருள்ள களவா தான் ஒண்டியிருக்கும் இடத்துக்கேற்பத் தன் பட்டைகளை இருட்டாக்கவும் வெளிறவைக்கவும் வல்லது. இறந்து பனிக்கட்டியில் கிடந்தபின் புள்ளிகளின் ஆரஞ்சு நிறம் மங்கிப் பழுப்பாகிவிடும். மலபார் களவா எனப்படும் எபினெஃபெலஸ் மலபாரிகஸ் இனத்தில் சிறிய கரும்பழுப்புப் புள்ளிகளுடன், ஒழுங்கற்ற பெரிய வெளிர்த் திட்டுகளும் கலந்திருக்கும். இவை இரண்டையும் மீனவர்கள் மட்டுமல்லாமல் ஆய்வாளர்களும் நெடுங்காலம் குழப்பிக்கொண்டார்கள். மலபாரிகஸுக்கு 1801லும் கோயியோய்டஸுக்கு 1822லும் பெயரிடப்பட்டுவிட்டபோதும், வளர்ப்பு மீன் பற்றிய பழைய கட்டுரைகளில் எபினெஃபெலஸ் டாவினா என்ற பெயரில் எழுதப்பட்டவற்றுள் பல உண்மையில் ஆரஞ்சுப் புள்ளிக் களவாவைப் பற்றியவையே. அதனால் பழைய கட்டுரை ஒன்றைப் படிக்க நேர்ந்தால் தலைப்பில் உள்ள பெயரை நம்பிவிடாமல், படத்தில் உள்ள புள்ளியின் நிறத்தையும் ஒருமுறை பாருங்கள்.

விசைப்படகுகளின் இழுவை மடியில் அகப்பட்டுக் கூறு போட்டு விற்கப்படும் சிறு களவாக்களில், உடலில் ஐந்து கரும் பட்டைகளும் கன்னத்து எலும்பின் மூலையில் தடித்த முட்களும் கொண்ட ஒன்று இருக்கலாம். அது எபினெஃபெலஸ் டயகாந்தஸ். முழு வளர்ச்சியிலேயே அரை மீட்டரைச் சற்றுத் தாண்டும் இனம் அது. ஆரஞ்சுப் புள்ளிக் களவாவோ 120 செ.மீ. வரைக்கும், மலபார் களவா இரண்டு மீட்டருக்கும் மேலும் வளரக்கூடியவை. இனம் எதுவென்று தெரியாமல் நீளத்தை மட்டும் அளந்து வயதைச் சொல்ல முயல்வது வீண்வேலை என்பதற்காகவே இதை முன்பே சொல்கிறேன்.

நாடாவைக் கையில் எடுக்கும் இடம் இதுதான். மீனைச் சமதளத்தில் பக்கவாட்டில் கிடத்தி, வாயை மூடி, கீழ்த்தாடையின் நுனியிலிருந்து வால் துடுப்பின் கடைசி விளிம்பு வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். உடலின் வளைவை ஒட்டி நாடாவை இழுத்தால் அளவு கூடிவிடும். ஆரஞ்சுப் புள்ளிக் களவாவில் பெண் மீன்கள் 25 முதல் 30 செ.மீ. நீளத்தில், இரண்டு அல்லது மூன்று வயதில், முதன்முதலாகச் சினைப் பருவம் அடைகின்றன. 55 முதல் 75 செ.மீ.க்குள் அவை ஆணாக மாறுகின்றன. எடையில் சொன்னால், 30 செ.மீ. மீன் அரைக் கிலோவை எட்டாது; 55 செ.மீ. மீன் இரண்டரைக் கிலோவை ஒட்டி வரும், 75 செ.மீ. மீன் ஆறு கிலோ அளவில் இருக்கும். ஒரு மீனைப் போல இன்னொன்று கொழுத்திருக்காது என்பதால் இந்த எடைகளைத் தோராயமாகவே கொள்ள வேண்டும்.

இந்த மாற்றம் களவாவின் உயிரியலில் மையமான விஷயம் என்பதால் சற்று நின்று விளக்க வேண்டும். களவா பெண்ணாக வாழ்வைத் தொடங்கி, பல பருவங்கள் முட்டையிட்டபின், சினைப்பையின் திசுக்கள் சுருங்கி அதே இடத்தில் விந்துத் திசு வளர்ந்து ஆணாகிறது. மாறிய பிறகும் ஆணின் இனப்பெருக்கச் சுரப்பிக்குள் பழைய சினைப்பையின் உட்குழி தங்கிவிடுகிறது. குறிப்பிட்ட நீளத்தை எட்டிய உடனே எல்லா மீன்களும் மாறிவிடுவதில்லை; சுற்றிலும் ஆண்கள் எத்தனை இருக்கின்றன, தன்னைவிடப் பெரிய மீன் இருக்கிறதா என்பவையும் பல களவா இனங்களில் இதைத் தீர்மானிக்கின்றன. சந்தையில் அதன் பக்கத்திலேயே கிடக்கும் கொடுவா இதற்கு நேர்மாறாக, ஆணாகத் தொடங்கிப் பெண்ணாக மாறுகிறது. ஆகவே பெரிய கொடுவாவைத் தொடர்ந்து பிடித்தால் முட்டையிடும் பெண்கள் குறைகின்றன. பெரிய களவாவைத் தொடர்ந்து பிடித்தால் ஆண்கள் குறைகின்றன. ஒரே ஏலக் கூடத்தில் அருகருகே கிடக்கும் இரண்டு மீன்களுக்கு ஒரே அளவு விதி பொருந்தாது.

எந்த அளவை வாங்குவது என்று கேட்டால், என் கருத்து இது: அரைக் கிலோவுக்குக் கீழே உள்ள புள்ளிக் களவாவை விட்டுவிடுங்கள், அது ஒருமுறையாவது முட்டையிட்டிருக்க வாய்ப்புக் குறைவு, தலையும் முள்ளும் போகச் சதையும் மிஞ்சாது. ஐந்து கிலோவுக்கு மேற்பட்டதையும் தவிர்க்கலாம்; அது பல ஆண்டுகள் பிழைத்து, பெரும்பாலும் ஆணாகிவிட்ட மீன். அதோடு, நீண்ட காலம் வாழும் கொன்றுண்ணி மீன்களின் சதையில் பாதரசம் வயதோடு சேர்ந்துகொண்டே போகும் என்பதால், கருவுற்ற பெண்களும் குழந்தைகளும் உள்ள வீட்டுக்கு அது ஏற்றதும் அல்ல. ஒன்றரைக் கிலோவிலிருந்து இரண்டரைக் கிலோ வரை உள்ள மீன் குழம்புக்கும் பொருந்தும், குறைந்தது சில முறையாவது முட்டையிட்டிருக்கவும் கூடும். தட்டில் கிடக்கும் மீன் ஏற்கெனவே செத்துவிட்டதே என்று வாதிடுவோர் உண்டு. உண்மைதான், ஆனால் கையளவுக் குஞ்சுகளுக்கு விலை இல்லை என்று தெரிந்தால் அடுத்த முறை தூண்டிலில் மாட்டும் குஞ்சு கடலுக்கே திரும்பிப் போக ஒரு வழி பிறக்கும்.

மீன் எங்கிருந்து வந்தது?

விற்பவரிடம் நேரடியாகவே கேட்கலாம். “அக்கா, இது தூண்டில் மீனா, வலை மீனா? ஏரியிலதா, கடல்லதா?” என்று கேட்டால், காசிமேட்டிலும் சரி, பட்டினப்பாக்கத்துப் பக்கம் நொச்சிக்குப்பத்திலும் சரி, பெரும்பாலும் நேரான பதிலே கிடைக்கும், தூண்டில் மீன் என்றால் விலை கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அந்தப் பதிலோடு மீனின் உடலில் உள்ள தடயங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். களவாவின் காற்றுப்பைக்கு வெளியே திறக்கும் குழாய் கிடையாது. ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுக்கப்படும்போது அழுத்தம் குறைந்து காற்றுப்பை ஊதிவிடுகிறது. அது இரைப்பையை வாய்க்குள் புரட்டித் தள்ளுகிறது. வாயில் இளஞ்சிவப்புப் பலூன் போல ஒன்று பிதுங்கி நிற்கும் களவாவைப் பார்த்தால் அது நோய் அல்ல, ஆழத்து மீன் என்பதற்கான அடையாளம். கண் பிதுங்கியிருப்பதும் அதே காரணத்தால்தான். எண்ணூர் கழிமுகத்திலோ பழவேற்காட்டு ஏரியிலோ பிடித்த மீனில் இவை இரண்டும் இருக்காது.

களவாவுக்கு வேண்டியது ஒளிந்துகொள்ள ஒரு பொந்து. திறந்த மணல்வெளியில் அது நெடுநேரம் நீந்தித் திரிவதில்லை; பாறை இடுக்கு, மூழ்கிய கப்பலின் உடைசல், துறைமுகத் தடுப்புச் சுவரின் கற்கள் என்று எதையாவது தன் இடமாக்கிக்கொண்டு, அங்கிருந்தே இரைக்காகக் காத்திருக்கும். சென்னைக்கு எதிரே உள்ள கடலடி பெரும்பாலும் மணலும் சேறுமாக இருக்கிறது; பவளத்திட்டுகளைப் பார்க்க வேண்டுமானால் மன்னார் வளைகுடாவுக்கோ பாக் நீரிணைப் பக்கமோ போக வேண்டும். ஆனால் இங்கேயும் கடலுக்குள் ஆங்காங்கே பாறைத் திட்டுகள் உண்டு. அவற்றை மீனவர்கள் பார் என்கிறார்கள். கரையில் தெரியும் அடையாளங்களை ஒன்றோடொன்று நேர்ப்படுத்திப் பாரின் மேல் படகை நிறுத்துவது முந்தைய தலைமுறையின் கலை. இப்போது அந்த இடங்கள் ஜி.பி.எஸ். கருவியில் பதிந்திருக்கின்றன. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும் மாநில மீன்வளத் துறையும் தமிழகக் கடலோரத்தில் பல இடங்களில் கான்கிரீட் கட்டமைப்புகளை இறக்கிச் செயற்கைப் பார்களை உருவாக்கியிருக்கின்றன. அவற்றில் வந்து குடியேறும் மீன்களில் களவாவும் ஒன்று. வடசென்னைக் கடலோரத்தில் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய தூண்டில் வளைவுக் கற்களின் சந்துகளிலும் குட்டிக் களவாக்கள் தங்குகின்றன. கல்லின் மேல் உட்கார்ந்து இறாலைக் கொக்கியில் கோத்துப் போடுபவர்களுக்கு இது தெரியும்.

வயதுக்கேற்ப இடம் மாறுவதுதான் ஆரஞ்சுப் புள்ளிக் களவாவின் வாழ்விடத்தைப் புரிந்துகொள்ளும் திறவுகோல். முட்டை ஒரு மில்லிமீட்டரைவிடச் சற்றுச் சிறியது, கடலில் மிதக்கும், வெதுவெதுப்பான நீரில் ஏறத்தாழ ஒரு நாளில் பொரிந்துவிடும். வெளிவரும் இளவுயிரியின் முதுகிலும் வயிற்றுத் துடுப்பிலும் உடலுக்குப் பொருந்தாத நீளத்தில் முட்கள் வளர்கின்றன. மிதவை வாழ்க்கையில் விழுங்கவரும் மீன்களுக்கு எதிராக அவை காவல் என்று கருதப்படுகிறது. சில வாரங்கள் நீரோட்டத்தோடு அலைந்தபின் முட்கள் சுருங்கி, புள்ளிகள் தோன்றி, குஞ்சு ஆழமற்ற நீருக்கு வந்து சேர்கிறது. உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகங்கள், மணலும் சேறும் சரளையும் கலந்த அடித்தளம், அலையாத்திச் செடிகளின் வேர்ப்பகுதி ஆகியவையே அதன் இளமைக்கால வீடு. வளர வளர அது வெளிக்கடலை நோக்கி நகர்ந்து, 100 மீட்டர் ஆழம் வரை உள்ள பாறைப் பகுதிகளில் வாழ்கிறது. முட்டுக்காட்டுக் கழிமுகம், அடையாற்று முகத்துவாரம், எண்ணூர், பழவேற்காடு என்று சென்னையைச் சுற்றி இப்படிப்பட்ட நீர்நிலைகள் இருந்தும், முகத்துவாரம் மணலால் அடைபட்டால் குஞ்சு உள்ளே வரவும் வளர்ந்த மீன் வெளியே போகவும் வழி இராது. பாரில் மீன் குறைந்துவிட்டது என்று பேசுகிறவர்கள் கழிமுகத்தையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பது பொருத்தம்.

காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் சென்னையில் கிடைக்கும் களவா ஃபைபர் படகுகள் கரையோரத்தில் பிடித்ததாகவோ, வெளியூரிலிருந்து பனிக்கட்டியில் வந்ததாகவோ இருக்கும். ஜூன் மாதத் தொடக்கத்தில் மேற்குக் கரையிலும் தடை தொடங்கிவிடுவதால் அந்த வரத்தும் குறையும். ஃபைபர் படகு மீன் புதியதாக இருக்கும், ஆனால் சிறியதாகவும் இருக்கும்; நாடாவை அப்போதுதான் கட்டாயம் பயன்படுத்த வேண்டும்.

ராட்சதக் களவா எனப்படும் எபினெஃபெலஸ் லான்சியோலேட்டஸ் பற்றி ஒரு வார்த்தை. இரண்டரை மீட்டருக்கும் மேல் வளரும் இந்த இனம் 2001 முதல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. இளம் மீனில் மஞ்சளும் கருமையும் திட்டுத்திட்டாகக் கலந்திருக்கும். வளர்ந்தது சாம்பல் பழுப்பாகிவிடும். யாராவது துண்டு போட்டு விற்றால் வாங்காதீர்கள்.

வெட்டும்போது என்ன பார்க்க வேண்டும்?

மீனை வெட்டுபவரிடம் குடலைத் தனியே ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். விசித்திரமாகப் பார்ப்பார், கொடுத்துவிடுவார். வீட்டில் வெட்டினால் இன்னும் நல்லது. முதலில் வாயைத் திறந்து பல்லைப் பாருங்கள். உள்வரிசைப் பற்கள் உட்புறமாக மடங்கும், வெளிப்புறமாக மடங்காது. களவா இரையைக் கடித்துக் கிழிப்பதில்லை. வாயைச் சடாரென்று அகலத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சி முழுசாக விழுங்குகிறது, பல்லின் வேலை உள்ளே போனது வெளியே வராமல் பார்த்துக்கொள்வதுதான். அதனால்தான் இரைப்பையில் நண்டோ இறாலோ சிறு மீனோ உருக்குலையாமல் கிடைப்பதுண்டு. என்ன கிடைக்கிறதோ அது மீன் கடைசியாக வேட்டையாடிய இடத்துக்குச் சான்று: கழிமுக நண்டும் மடவைக் குஞ்சும் ஒரு திசையைக் காட்டும், பாறை இடுக்கு மீன்கள் வேறு திசையைக் காட்டும். இரைப்பை வெறுமையாக இருந்தால் எதுவும் முடிவு செய்ய வேண்டாம். தூண்டிலில் போராடும்போதோ மேலே இழுக்கப்படும்போதோ கக்கியிருக்கலாம்.

குடலை அகற்றிய பின், வயிற்றறையின் பின்பகுதியில் காற்றுப்பைக்குக் கீழே இரட்டையாகத் தொங்கும் இனப்பெருக்கச் சுரப்பிகளைத் தேடுங்கள். மஞ்சள் கலந்த நிறத்தில் மணல்மணலாக முட்டை தெரிந்தால் பெண். வெண்மையாக, அழுத்தினால் பால் போன்ற திரவம் வந்தால் ஆண். மெல்லிய இளஞ்சிவப்பு நாடாக்களாக மட்டும் இருந்தால், அது வயதுக்கு வராத மீனாகவோ, ஓய்வில் இருக்கும் பெண்ணாகவோ, மாற்றத்தின் நடுவில் இருப்பதாகவோ இருக்கலாம். இதைக் கண்ணால் பிரிக்க முடியாது, நுண்ணோக்கி வேண்டும். நீளத்தையும் சுரப்பியின் நிலையையும் தேதியையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பவர்களுக்குச் சில ஆண்டுகளில் தங்கள் வீட்டுக்கு வரும் களவாவைப் பற்றித் தெளிவான ஒரு படம் கிடைத்துவிடும். சினைப்பையில் சிவந்த நூல் போன்ற புழுக்கள் சில வேளைகளில் இருக்கும். களவா இனங்களில் இவை புதியவை அல்ல. சினையை எறிந்துவிட்டுச் சதையை நன்கு வேகவைத்து உண்ணலாம்.

இப்போது பண்ணைக் களவாவும் சந்தைக்கு வருகிறது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் விசாகப்பட்டினம் மையம் ஆரஞ்சுப் புள்ளிக் களவாவின் குஞ்சு உற்பத்தியில் வெற்றி கண்டிருக்கிறது. இந்த வேலை கடினமானது. வளர்ப்புக் கூட்டத்தில் ஆண் கிடைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதால் இளம் பெண் மீனுக்கு ஹார்மோன் கொடுத்து ஆணாக்க வேண்டியிருக்கிறது. பொரிந்த இளவுயிரியின் வாய் மிகச் சிறியது என்பதால் முதல் தீனியாக, ரோட்டிஃபர் எனப்படும் நுண்ணிய மிதவை உயிரிகளில் சிறியவற்றையே கொடுக்க வேண்டும். பிழைத்து வளர்ந்த குஞ்சுகளோ ஒன்றையொன்று விழுங்கத் தொடங்கும். அதனால் கூண்டில் வளர்ப்பவர்கள் அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே தட்டில் எல்லாம் அச்சடித்தாற்போல ஒரே நீளத்தில் களவா கிடந்தால், பண்ணை மீனா என்று விற்பவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

தலையைக் குழம்புக்குப் பிளப்பவர்கள் இன்னொன்றையும் எடுக்கலாம். மூளைக்குக் கீழே இரு பக்கமும் உள்ள குழியில் வெண்மையான காதுக்கல் ஒவ்வொன்று இருக்கும். கத்தாழை மீனில் இது பெரிதாகவும் தடித்தும் இருப்பதால் பலர் கண்டிருப்பார்கள். களவாவில் மெலிந்து நீண்டு இருக்கும், அவசரமாக வெட்டினால் உடைந்துவிடும். கழுவி உலர்த்தி, நடுவே குறுக்காக உடைத்து, உடைந்த முகத்தைத் தீச்சுடரில் பழுப்பாகும்வரை காட்டி, ஒரு துளி எண்ணெய் விட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் வளையங்கள் தெரியலாம். வெப்பக் கடலில் கோடைக்கும் மாரிக்கும் நீரின் வெப்பம் பெரிதாக மாறாததால் வளையங்கள் குளிர்க்கடல் மீன்களில் போலத் தெளிவாக விழுவதில்லை. முதல் பார்வையில் எண்ணியதை நம்பாமல், இரண்டு கல்லையும் தனித்தனியே எண்ணி, எண்ணிக்கை ஒத்துவந்தால் மட்டுமே குறிப்பேட்டில் வயது என்று எழுதுங்கள்.